நீட் மாதிரித் தேர்வு: பழைய வினாத்தாளா, டெஸ்ட் சீரிஸா, செயலியா?

நீட்டுக்கு மாதிரித் தேர்வு எழுதிப் பழக மூன்று வழி இருக்கிறது. உண்மையான தேர்வின் பழைய வினாத்தாள்கள், பயிற்சி மையங்கள் அச்சிட்டுத் தரும் டெஸ்ட் சீரிஸ், செல்போன் செயலிகள். மூன்றிலும் எங்கள் முதல் ஓட்டு பழைய வினாத்தாளுக்குத்தான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அச்செடுத்த கையோடு உட்கார்ந்து எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு ஆண்டின் தாளையும் இன்றைய தேர்வுக்கு ஏற்பக் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

2020 வரை 180 கேள்வி, மூன்று மணி நேரம். 2021-ல் ‘பி’ பிரிவு வந்தது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்வி கொடுத்து ஏதாவது 10 எழுதச் சொன்னார்கள். 2022 முதல் 2024 வரை நேரமும் 200 நிமிடமாக இருந்தது. 2025-ல் இரண்டும் போய்விட்டன: 180 கேள்வி, 180 நிமிடம், சாய்ஸ் கிடையாது. ஆகவே 2021–24 தாள்களில் ஒவ்வொரு பாடத்திலும் ‘பி’ பிரிவின் கடைசி ஐந்து கேள்விகளை முதலிலேயே அடித்துவிடுங்கள். சாய்ஸோடு எழுதினால் கடினமான ஐந்தும் தானாகக் கழன்றுகொள்ளும். வருகிற மதிப்பெண்ணை நம்ப முடியாது.

பாடத்திட்டம் 2024-ல் குறைக்கப்பட்டது. வேதியியலில் திடநிலை, பாலிமர், உயிரியலில் செரிமானமும் உட்கிரகித்தலும் போன்ற பாடங்கள் நீங்கின. அதற்கு முந்தைய தாள்களில் அந்தப் பாடங்களின் கேள்விகளை வேறு யாரையாவது விட்டு அடிக்கச் சொல்லி, கேள்விக்கு ஒரு நிமிடம் வீதம் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதப்போகிறவர்கள் 2018 தாளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணை மதிப்பெண்ணாகத் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிறுத்தை என்று வரவேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல்லை அப்படியே ‘சீத்தா’ என்று போட்டிருந்தார்கள். பரிணாமக் கேள்வியில் அதைப் படிக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்? இந்தத் தாளை மதிப்பெண் பார்க்கப் பயன்படுத்தாதீர்கள். தமிழ் வரி குழப்பினால் உடனே பக்கத்திலுள்ள ஆங்கில வரியைப் பார்க்கும் பழக்கத்துக்கு மட்டும் இது நல்ல பயிற்சி. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது தேர்வின் விதி.

விடைக்குறிப்பு கடைசியாகத் திருத்தி வெளியிட்டதுதானா என்று பார்த்துத்தான் திருத்த வேண்டும். 2024 இயற்பியலில் அணு பற்றி இரண்டு கூற்றுகள் கேட்டிருந்தார்கள். ‘ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை வெளியிடும்’ என்பது இரண்டாவது. மத்திய அரசின் பள்ளிப் பாடநூலான என்சிஇஆர்டியின் பழைய பதிப்பை வைத்து அதைச் சரி என்றவர்களுக்கும் முதலில் மதிப்பெண் தரப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐஐடி நிபுணர்கள் அந்தக் கூற்று தவறு என்று சொன்ன பிறகு முடிவுகளே திருத்தி வெளியிடப்பட்டன. பழைய விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால் தவறானதையே சரி என்று மனதில் பதித்துக்கொள்வீர்கள்.

டெஸ்ட் சீரிஸுக்கு இரண்டாமிடம். முழு ஆண்டும் பாடவாரியாகத் தேர்வு எழுத அது தேவைதான். குறை என்னவென்றால், பல சீரிஸ்களில் இயற்பியல் ஜேஇஇ (பொறியியல் நுழைவுத்தேர்வு) பாணிக்குப் போய்விடுகிறது, உயிரியலில் என்சிஇஆர்டியில் இல்லாத துணுக்குகள் வருகின்றன. வாங்குமுன் ஒரு தாளை எடுத்து 90 உயிரியல் கேள்விக்கும் என்சிஇஆர்டியில் வரி தேடிப் பாருங்கள். வரி கிடைக்காத கேள்விகள் பத்தைத் தாண்டினால் அந்த சீரிஸ் வேண்டாம்.

செயலிகள் பயணத்தில் இருபது கேள்வி போட்டுப் பார்க்க உதவும். முழுத் தேர்வுக்கு உதவாது, காரணம் ஓஎம்ஆர், அதாவது வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் தாள். ஒரு வட்டத்தைக் கருப்பு பால்பாயிண்ட் பேனாவால் நிரப்ப ஐந்து நொடி என்றால்கூட 180-க்குப் பதினைந்து நிமிடம். திரையைத் தொட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் தேர்வு நாளில்தான் தெரியவரும். ஓஎம்ஆரில் அழித்து எழுதவும் வழியில்லை. எல்லா விடையையும் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்திருந்தால், விட்டுப்போன ஒரு கேள்வி அதற்குப் பின்னால் வரும் அத்தனையையும் ஒரு வட்டம் தள்ளிவிடும். பக்கம் முடிய முடிய நிரப்புங்கள். வெற்று ஓஎம்ஆர் தாளை அச்செடுத்து ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் நேரமும் மதியம் 2 முதல் 5 வரைதான். சாப்பிட்ட பிறகு வரும் தூக்கக் கலக்கத்தோடு எழுதிப் பழக வேண்டும். உயிரியலுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60 என்று பிரித்தால் சுற்றிவர 20 நிமிடம் மிஞ்சும். இயற்பியல் தாண்டினாலும் மற்ற இரண்டின் நேரத்தில் கைவைக்காதீர்கள்.

அதிகம் பேர் செய்யாத ஒன்று: ஊகக் கணக்கு. சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. ஐந்து ஊகத்தில் ஒன்று சரியானாலே நட்டமில்லை. ‘தெரியாவிட்டால் விட்டுவிடு’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது அதனால்தான் சரியில்லை. மாதிரித் தேர்வில் ஊகித்த ஒவ்வொரு கேள்வி எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: இரண்டு விடைகளை நீக்கிவிட்டு ஊகித்ததற்கு ஒரு புள்ளி, குருட்டாம்போக்கில் போட்டதற்கு ஒரு கோடு. இருபது புள்ளியில் எட்டு சரி, பன்னிரண்டு தவறு என்றால் 32 வந்து 12 போகிறது, கையில் 20 மதிப்பெண். நான்கைந்து தேர்வு முடிந்தால் புள்ளி எவ்வளவு தருகிறது, கோடு எவ்வளவு தின்கிறது என்பது கணக்காகவே வந்துவிடும்.

திருத்தியதும் விளக்கவுரையைத் திறக்காதீர்கள். தவறான கேள்விகளை மறுநாள் விடை பார்க்காமல் மறுபடி போடுங்கள். இப்போது சரியாக வந்தால் பாடம் தெரிந்தேதான் விட்டிருக்கிறீர்கள்: ‘தவறான கூற்று எது’ என்பதைச் சரியான கூற்று என்று படித்தது, விட்டத்தை ஆரமாக எடுத்தது, அலகை மாற்றாமல் விட்டது. மறுநாளும் வரவில்லை என்றால் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். மருந்து வேறு வேறு.

மொத்த மதிப்பெண்ணை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடாதீர்கள். 2024-ல் திருத்திய முடிவிலும் 17 பேர் 720 எடுத்திருந்தார்கள். 2025-ல் இயற்பியல் கடினமாக வந்து, முதலிடமே 686-தான். 2025 தாளில் 40 மதிப்பெண் இறங்கினால் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை.

இன்னொரு சிக்கல், பாடவாரி வினாத்தொகுப்புகளில் பழைய கேள்விகளை ஏற்கெனவே போட்டுவிட்டிருப்பீர்கள். கேள்வி நினைவிருந்தால் அது தேர்வே இல்லை. அதனால் கடைசி மாதத்துக்கு, அதிகம் புழங்காத தாள்களைத் தொடாமல் வையுங்கள்: 2023-ல் மணிப்பூருக்கென்று ஜூன் 6 அன்று தனியாக நடந்த தாள், 2024 ஜூன் 23-ல் 1,563 பேருக்காக நடந்த மறுதேர்வுத் தாள். வாரம் ஒன்று போதும். கடைசி முழுத்தேர்வு நீட்டுக்கு ஐந்து நாள் முன்பு. அதன் தவறுகளைத் திரும்பப் பார்க்க இரண்டு நாளாவது வேண்டும்.