சுங்கை சிப்புட் கடைவீதியில் திரும்பக் கிடைத்த தோட்டத்துப் படங்கள்

மெல்பர்னிலிருந்து மலேசியாவில் உள்ள ஊருக்குப் போகும்போதெல்லாம் பல்மருத்துவர், தையற்கடை, வங்கி என்று ஒரு பட்டியல் கையில் இருக்கும். இம்முறை அவையெல்லாம் சிக்கலின்றி முடிந்தன. எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடையைப் பற்றித்தான்.

என் அண்ணன் சில ஆண்டுகளாக எங்கள் பழைய தோட்டத்துக் குடும்பங்களின் படங்களைச் சேகரித்து வருகிறார். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும் இடிக்கப்பட்ட பிறகு ஆட்கள் ஆளுக்கொரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, போய்விட்டார்கள். அண்ணன் வீடு வீடாகப் போய்ப் படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ரப்பர் பால்வாளியோடு நிற்கும் பெண்கள், தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் அதில் உண்டு. தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர்கள் காத்து வைத்த ரசீதுகளும் உண்டு. கணினியில் இடம் போதவில்லை என்று அண்ணன் மகன் அந்தக் கோப்புறையை ஷிப்ட் விசையோடு சேர்த்து அழித்துவிட்டான். அப்படி அழித்தால் கோப்புகள் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது.

ஈப்போவில் ஒரு கடையைத் தொலைபேசியில் கேட்டோம். "மீட்பு மென்பொருளை அதே கணினியில் இறக்கி ஓட்டிப் பாருங்கள்" என்றார்கள். இதைவிடக் கேடான யோசனை இல்லை. விண்டோஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது உள்ளே இருப்பதைத் துடைப்பதில்லை; அந்த இடம் காலி என்று தன் கோப்புப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடுத்து எழுதப்படுவது எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் போய் உட்காரலாம். புதிதாக இறக்கும் மென்பொருளே படங்களின் மேல் விழுந்துவிடலாம்.

சுங்கை சிப்புட் கடைக்காரத் தம்பி சொன்ன முதல் வார்த்தையே வேறு. "அக்கா, கணினியை உடனே நிறுத்துங்கள். சும்மா திறந்து வைத்தாலும் அது எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும்." பிறகு, உள்ளே இருப்பது சுழலும் வன்தட்டா, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகமா என்று கேட்டார். எஸ்எஸ்டியாக இருந்தால், டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைத் தானே காலி செய்துவிடும், நம்பிக்கை குறைவு என்றார். தட்டின் உட்பாகம் பழுதானால் வரும் 'டக் டக்' சத்தம் கேட்டதா என்றும் விசாரித்தார். கேட்டிருந்தால் தான் தொடுவதில்லை, தூசியில்லா அறை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முடியாததை முடியாது என்று முன்கூட்டியே சொல்பவரிடம் பொருளைக் கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை.

நல்லவேளை, எங்களுடையது பழைய சுழலும் தட்டு. திருகாணிகளைக் கழற்றி ஒரு மைலோ டின் மூடியில் போட்டுவிட்டு, தட்டை வெளியே எடுத்தார். அதை எழுத முடியாதபடி, படிக்க மட்டுமே இணைத்து, முழுத் தட்டையும் அப்படியே வேறொரு தட்டில் நகலெடுத்தார். அசலை உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். தேடல் முழுவதும் நகலில்தான் நடந்தது.

விண்டோஸின் கோப்புப் பதிவேட்டில் குறிப்பு எஞ்சியிருந்த படங்கள் பெயரோடு வந்தன. மற்றவற்றைப் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் தேடியெடுத்தது. ஜேபெக் வடிவில் சேமித்த படங்கள் எல்லாம் ஒரே தொடக்கக் குறியோடு ஆரம்பிப்பதால், பதிவேடு இல்லாமலே அது அவற்றைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் பெயரும் கோப்புறையும் போய்விடும். அண்ணன் குடும்பப் பெயரிட்டுத்தான் கோப்புறைகளைப் பிரித்து வைத்திருந்தார். இப்போது வெறும் எண்களாக வந்து குவிந்தன. ஸ்கேன் செய்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருந்தது பெரிய உதவி. அந்த வரிசையில் அடுக்கியதும் ஒரு வீட்டுப் படங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முகம் பார்த்து அண்ணன் பெயர் சொல்லச் சொல்ல, அவர் மகன் உட்கார்ந்து தட்டச்சு செய்தான்.

250 வெள்ளி (ரிங்கிட்) ஆயிற்று. ஒன்றும் கிடைக்காவிட்டால் பார்த்த கூலி 50 வெள்ளி மட்டும் என்று முதலிலேயே பேசியிருந்தார். சில படங்கள் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகத்தான் வந்தன. அந்த வீடுகளுக்கு அண்ணன் மறுபடி போக வேண்டும். ஒரு வீட்டில் அசலைக் கரையான் தின்றுவிட்டது, அது போனது போனதுதான். மீண்டவை இப்போது இரண்டு வெளித்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று அண்ணனிடம், மற்றொன்று என்னோடு மெல்பர்னுக்கு வந்துவிட்டது.