வராங்க்கா, கொல்லையா, மாடியா? ரீயூனியனில் வெளியே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு

வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் யாரும் நாள் முழுக்க அறைக்குள் அடைந்து கிடப்பதில்லை. ஜனவரிக் கோடையில் மதியம் ஒரு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும். எங்கே உட்காருவது என்பதில்தான் சிக்கல். தெருவைப் பார்த்த முன்தாழ்வாரம், அதாவது இங்கே எல்லோரும் வராங்க் என்று சொல்வது, பின்பக்கக் கொல்லை, மாடி இருந்தால் மொட்டை மாடி. யாரைக் கேட்டாலும் கொல்லை என்பார்கள். தெருவில் போகிறவர் கண்ணில் படாது, நிம்மதியாக இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. என் கணக்கு தலைகீழ். அக்கம்பக்கத்தோடு மனஸ்தாபம் வராமல் இருக்க வேண்டுமானால் வராங்க் முதல், கொல்லை அடுத்தது, மாடி கடைசி.

ஏனென்றால் நம்மை யார் பார்க்கிறார்கள் என்று மட்டுமே யோசிக்கிறோம். நாம் அங்கே போய் உட்கார்ந்ததால் யாருடைய தனிமை போயிற்று என்று யோசிப்பதில்லை. சேன் ஆந்த்ரே பக்கத்துக் குடியிருப்புகளில் ஒரு வீட்டுக் கொல்லையும் அடுத்த வீட்டுக் கொல்லையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். துணி காயப்போடும் கொடி, வெளி அடுப்பு, கோழிக்கூண்டு எல்லாம் அந்தப் பக்கம்தான். குடும்பச் சண்டை நடப்பதும் அங்கேதான். அதுவரை பகலில் ஆள் இல்லாத இடம். திடீரென்று ஒருவர் நாற்காலி போட்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால், அவர் எதையும் கவனிக்காவிட்டாலும் கவனிக்கிற மாதிரிதான் ஆகிறது. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மதாம் தினமும் பதினொரு மணிக்கு ருகாய் என்னும் காரத் தொடுகறிக்கு மிளகாயும் இஞ்சியும் உரலில் இடிப்பார். நான் கூட்டத்தில் பேச ஆரம்பித்தால் இடிப்பது நின்றுவிடும், முடித்ததும் தொடங்கும். ஒரு நாள் சுவர் வழியாகவே கேட்டார்: “முடிந்ததா? இடிக்கலாமா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் தன் வீட்டில் மிளகாய் இடிக்க அவர் எதற்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டும்?

வராங்க்கில் இந்தத் தொல்லை கிடையாது. அது நம் ஊர்த் திண்ணை மாதிரி, தெருவுக்கென்றே விட்ட இடம். போகிறவர் பார்ப்பார், ஒரு போன்ஜூர் சொல்வார், போய்விடுவார். யாருடைய அந்தரங்கமும் அதில் இல்லை. தொல்லை வேறு வகையில் வரும். உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பார்சலை வாங்கி வைப்பது, பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வது, பிரிஃபெக்தூர் என்னும் அரசு அலுவலகத்தின் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது எல்லாம் நம் தலையில் விழும். எனக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. பார்சல் வாங்கி வைத்தவர் மேல் யாரும் சத்தம் என்று புகார் கொடுக்க மாட்டார்கள். வேலை நெருக்கும்போது இரண்டு குரோட்டன் தொட்டிகளை முன்னால் நகர்த்திவிட்டால் போதும்.

மொட்டை மாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்று அருமை, கடல் தெரியும், நாலு வீட்டு முற்றமும் தெரியும். அந்தக் கடைசி விஷயம்தான் வினை. ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் பிரெஞ்சு சிவில் சட்டம் அப்படியே இங்கும் செல்லும். பக்கத்து மனைக்குள் நேராகப் பார்வை விழும் சன்னலோ பால்கனியோ எல்லைக்கோட்டிலிருந்து 1.90 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், சாய்வாக விழுந்தால் 60 சென்டிமீட்டர். மாடியில் சும்மா துணி உலர்த்தியவரை எவரும் டேப் எடுத்து அளக்கவில்லை. அதே மாடியில் குடை நட்டு மேசை போட்டு அலுவலகம் நடத்தினால் டேப் வெளியே வரும்.

இப்போது மறைப்புக்கு வருவோம். இங்கே வழக்கமான மூன்று: தகர வேலி, செடி வேலி, மூங்கில் தட்டி அல்லது நிழல் வலை. தகரம் ஒரே நாளில் கண்ணை மறைத்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போலத்தான் அதை எடுத்துக்கொள்வார்கள். வெயிலில் கொதிக்கும், மழையில் பேச்சே கேட்காது. புதிதாக வேலி எழுப்பும் முன் மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போய் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது, ஊருக்கு ஊர் மாறும். தட்டியும் வலையும் மலிவு, இரண்டு மணி நேர வேலை. ஆனால் புயல் எச்சரிக்கை வந்ததும் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் தாக்கியதை அனுபவித்தவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. நம் வலை பறந்துபோய் அவர் கூரையில் சிக்கினால் புதுச் சண்டைக்கு விதை போட்டாயிற்று.

என் ஓட்டு செம்பருத்தி வேலிக்குத்தான். வளர நாளாகும், ஆனால் யாருக்கும் கோபம் வராது. பூசைக்குப் பூ வேண்டும் என்று அந்தப் பக்கத்தாரும் பறித்துக்கொள்வார்கள். கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். வேறு உள்ளூர் விதி இல்லாவிட்டால், இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் செடியை எல்லையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நட வேண்டும், அதற்குக் குறைவாக வைத்திருப்பதை அரை மீட்டர் தள்ளி. கிளை அந்தப் பக்கம் சாய்ந்தால் வெட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அவரே வெட்டக் கூடாது; வேர் நீண்டால் அவரே வெட்டிக்கொள்ளலாம். தானாக விழுந்த மாம்பழம் விழுந்த இடத்துக்காரருக்குச் சொந்தம். இவ்வளவும் சட்டத்திலேயே இருக்கிறது. தொட்டிச் செடி வைப்பவர்கள் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். 2005-06இல் சிக்குன்குன்யா தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்க வைத்தது, 2025இலும் திரும்பி வந்தது. உங்கள் தொட்டியில் கொசுப்புழு இருந்தால் பக்கத்து வீட்டார் பேசாமல் இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது.

ஆனால் எந்த வேலியும் குரலைத் தடுக்காது. உரசலில் முக்கால்வாசி இதனால்தான் வருகிறது. பாரிசோடு வேலை பார்ப்பவர்களுக்கு நேரம் பெரிய எதிரி. அங்கே குளிர்காலம் என்றால் நாம் மூன்று மணி நேரம் முன்னால், கோடை என்றால் இரண்டு. அவர்கள் மாலை ஆறு மணிக்குக் கடைசிக் கூட்டம் வைத்தால் இங்கே இரவு எட்டு அல்லது ஒன்பது. விடியுமுன் எழுகிற தீவு இது, அந்த நேரத்துக்குப் பல வீடுகளில் பாய் விரித்தாயிற்று. பகலில் வராங்க்கில் யாருக்கும் உறைக்காத குரல் இரவில் மூன்று வீடு தாண்டும். அதனால் இடத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாது, மணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பகலில் வராங்க், இருட்டியதும் பேச்சு இருந்தால் உள்ளே, எழுத்து வேலை மட்டும் வெளியே. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது எந்த நேரத்திலும் வேண்டாம். வீட்டுச் சத்தம் நீண்ட நேரம் நீடித்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, ரொம்ப உரக்க இருந்தாலோ, இதில் ஒன்றே போதும், தொந்தரவு என்று ஆகிவிடும். பகல் இரவு பேதமில்லை, டெசிபெல் அளக்கும் கருவியும் தேவையில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வரும் சத்தம்? சேவல், புல்வெட்டும் மெஷின், சாயங்காலம் மரத்தில் அடையும் மைனாக்கள், காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் வீட்டுக் கோயில் மேளம். இதில் எதையும் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. கூட்டத்துக்காக மேளத்தை நிறுத்துவதா? கிராமப்புறச் சத்தங்களும் வாசனைகளும் பாரம்பரியத்தைச் சேர்ந்தவை என்று 2021 ஜனவரியில் சட்டமே வந்தது. அதற்குமுன் பிரான்சில் மோரிஸ் என்ற சேவல் மேல் வழக்குப் போட்டு, 2019இல் சேவல் பக்கமே தீர்ப்பானது. இரைச்சலை வெட்டும் மைக் உள்ள ஹெட்செட் ஒன்று வாங்குங்கள், வழக்கைவிட மலிவு.

கேமராவும் உண்டு. கொல்லையில் உட்கார்ந்து வீடியோவை ஓட விட்டால், நம் தோளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டம்மா நைட்டியோடு துணி உலர்த்துவது பாரிசில் பத்துப் பேருக்குத் தெரியும். தனி இடத்தில் இருக்கும் ஒருவரை அவர் சம்மதமில்லாமல் வேண்டுமென்றே படம் பிடிப்பது ஓராண்டு சிறை, 45,000 யூரோ அபராதம் வரை போகக்கூடிய குற்றம். கூட்டத்தில் தற்செயலாக விழுவது அந்த வகையில் வராது, ஆனாலும் அவரிடம் போய் அந்த வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? எல்லைச் சுவருக்கு முதுகு காட்டாமல் நம் வீட்டுச் சுவரைப் பின்னணியாக வைத்து உட்காருங்கள். வராங்க்கில் இது தானாகவே அமைந்துவிடுகிறது.

மனஸ்தாபம் வந்தே விட்டால் வாய்ப்பேச்சா, கடிதமா, வழக்கா? பேச்சுதான். ஆனால் சண்டை நடந்த அன்றைக்கு வேண்டாம், இரண்டு நாள் கழித்து. பதிவுத் தபால் அனுப்பியதும் உறவு முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கொன்சிலியாத்தர் இருக்கிறார், காசு வாங்காத சமரசக்காரர். அக்கம்பக்கத் தகராறில் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது, முதலில் இப்படி ஒரு சமரச முயற்சி செய்தாக வேண்டும். அளவு மீறிய தொந்தரவு தருகிறவரே அதற்குப் பொறுப்பு என்று 2024 ஏப்ரலில் சிவில் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்துவிட்டார்கள்.

தலைநகர் சேன் தெனியில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை செல்லாது. அங்கே இருப்பது ஒரு பால்கனி, மேலும் கீழும் இடமும் வலமும் காதுகள். தட்டச்சு வேலைக்குப் பால்கனி, பேச்சு வேலைக்குப் படுக்கையறை.