பட்டம் முடித்த பிறகு ஊருக்கு ஒரு வருடம்: எந்த வழியில்?

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் முடித்தவர்களில் சிலர், வேலைக்குப் போகும் முன் ஒரு வருடம் பிள்ளைகளின் படிப்புக்காக உழைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் எந்த வழியில் என்பதுதான் பெரிய விஷயம்.

முதலில் டீச் ஃபார் மலேசியா. பட்டதாரிகளை வசதி குறைந்த பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக அனுப்ப 2010இல் தொடங்கிய அமைப்பு. அதன் முதல் அணி 2012இல் பள்ளிகளுக்குப் போனது. பயிற்சி உண்டு, மாதச் சம்பளம் உண்டு. ஆனால் இது இரண்டு வருடம். சொந்த ஊரிலேயே இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. ஆசிரியர் தொழிலில் மனம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது, ஊரிலேயே தங்கி உள்ளூர் அமைப்பு ஒன்றோடு முழுநேரமாக உழைப்பது. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். காரணம், இடைநிலைப்பள்ளியின் முதல் வருடமான படிவம் ஒன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் திடீரென்று எல்லாவற்றையும் மலாயில் கேட்கிறது. புரியாததைக் கேட்கக் கூச்சம். அப்படியே பின்வரிசைக்குப் போய்விடுகிறது. ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இலும் படிவம் மூன்றுத் தேர்வான பிடி3 2022இலும் நீக்கப்பட்ட பிறகு, பல வீடுகளில் பிள்ளை பின்தங்கியிருப்பது தெரியவருவதே படிவம் ஐந்தில் எஸ்பிஎம் தேர்வு நெருங்கும்போதுதான். மலாயும் வரலாறும் தேறாமல் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. அந்தக் கடைசி நேரத்தில் நடத்தும் டியூஷனால் எவ்வளவு மீட்க முடியும்? படிவம் ஒன்றிலேயே தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தெரிந்தவர், இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கே போய் "ஏன்கா தம்பி வரல?" என்று கேட்கக்கூடியவர். இதை வெளியூர்க்காரர் செய்வது கஷ்டம்.

இதில் இடறுவது காசு. பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனைப் படிப்பு முடித்து 12 மாதத்தில் கட்டத் தொடங்க வேண்டும். அதனால் ஒரு வருடம் சமாளிக்கலாம், ஆனால் அது தாண்டக்கூடாது. ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் சேராது. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி ஆகிவிட்ட காலத்தில், பட்டதாரிப் பிள்ளை வெறுங்கையோடு வீட்டில் இருந்தால் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அப்பாவின் மேல்தான் பாரம் விழும். சேவை என்றால் காசு பேசக்கூடாது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித்தான் பங்குதாரர் ஆனார்கள். காசைத் திட்டமிட்டதால்தான் அது நின்றது. ஆகவே பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்குமாவது மாதப்படி தரச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, ஈப்போவில் வேலை, சனி ஞாயிறில் வகுப்பு. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய டியூஷன் அமைப்பான ஸ்ரீ முருகன் நிலையம் தன்னார்வ ஆசிரியர்களை வைத்துத்தான் இவ்வளவு காலம் நடந்து வருகிறது. வாரம் முழுக்க உழைத்துவிட்டு வருவதால் களைப்பு இருக்கும், ஓவர்டைம் வந்தால் வகுப்பு போகும். ஆனாலும் சம்பளம் கையில் இருக்கும், 12 மாதத்தோடு நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டில் சம்பாதிக்கும் இன்னொருவர் இருந்தால் இரண்டாவது வழியில் இறங்குங்கள். வீடே உங்களை நம்பி இருந்தால் மூன்றாவது. அதில் குறைவு ஒன்றும் இல்லை. இரண்டாவது வழிக்குப் போகிறவர்கள் அமைப்போடு முதலிலேயே பேசி எழுதி வாங்க வேண்டியவை: எந்தப் படிவம், எத்தனை பிள்ளைகள், மாதப்படி எவ்வளவு, அப்புறம் நீங்கள் கிளம்பும்போது அந்தப் பிள்ளைகளை யார் எடுத்துக்கொள்வார் என்பது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத அமைப்பு என்றால் வேறு இடம் பாருங்கள்.