பிலடெல்பியாவின் சாண்ட்விச் கடைகளும் தெருமுனை பார்களும்: ரொட்டியைப் பார்த்து வாங்குங்கள்

பிலடெல்பியாவில் ஒரு சாண்ட்விச் தேறுமா தேறாதா என்பது ரொட்டியிலேயே முடிவாகிவிடும். இறைச்சி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி, அமுக்கினால் எழாத ரோலில் வைத்துக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அது கூழ். நாங்கள் நான்கு நண்பர்கள், ரசனையில் நான்கு திசை. சீஸ் எது, வெங்காயம் வேண்டுமா என்று எல்லாவற்றிலும் வாக்குவாதம் உண்டு. ரொட்டி விஷயத்தில் மட்டும் நால்வருக்கும் ஒரே தீர்ப்புதான்.

இந்த ஊர் ரோலில் இரண்டு வகை. ஒன்று அமோரோசோ போன்ற பெரிய பேக்கரிகளின் மென்மையான நீள ரோல். இன்னொன்று எள் தூவி, மேல்தோல் மொறுமொறுவென்று இருக்கும்படி சுட்ட இத்தாலிய ரோல். இரண்டாவதற்குப் பேர்போனது ஒன்பதாம் தெருவில் 1918 முதல் நடக்கும் சார்கோன்ஸ் பேக்கரி. அங்கே ரொட்டி வாங்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். மென்மையான ரோலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கல்லிலிருந்து நேராக வரும் மாட்டிறைச்சிக்கும் உருகிய சீஸுக்கும் அது நன்றாகவே வளைந்துகொடுக்கும். ஆனால் சாறு அதிகமுள்ள பன்றி ரோஸ்ட்டுக்கு எள் ரோல்தான் சரி.

கடையில் கவனிக்க வேண்டியது, ரோலை எப்படிக் கீறுகிறார்கள் என்பது. ஒரு பக்கம் மட்டும் கீறி, மறுபக்கம் கீல் போல ஒட்டியிருக்க விட வேண்டும். கத்தி முழுக்க இறங்கிவிட்டால் இரண்டு பலகையாகப் பிரிந்து, முதல் கடியிலேயே பாதி இறைச்சி காகிதத்தில் கிடக்கும். சில கடைகளில் உள்ளே இருக்கும் மாவுப்பகுதியைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துவிடுவார்கள். அது நல்ல அடையாளம். உள்ளே இருப்பதும் ரொட்டியும் ஒரு வாயில் சரியான அளவில் வரும்.

இனி பன்றி ரோஸ்ட். வெளியூர்க்காரர்கள் சீஸ்ஸ்டேக்கைத் தேடி வருகிறார்கள், அதாவது மெல்லியதாகச் சீவிக் கல்லில் வாட்டிய மாட்டிறைச்சியும் சீஸும் வைத்த ரோலை. எங்களைக் கேட்டால் இந்த ஊரின் முதல் சாண்ட்விச் ரோஸ்ட் போர்க்தான். பூண்டு, ரோஸ்மேரி, சோம்பு வகை மசாலாக்களோடு பன்றித் தொடையையோ தோள்பகுதியையோ மெதுவாக வேகவைத்து, ஆறவிட்டு, மெல்லியதாகச் சீவுவார்கள். சூடாக இருக்கும்போதே சீவினால் துண்டு துண்டாக உதிரும், அதனால்தான் ஆறவிடுவது. பிறகு அதன் சாற்றிலேயே மறுபடி சூடாக்கி ரோலில் வைப்பார்கள். மேலே காரமான, நாள்பட்ட ஷார்ப் ப்ரோவலோன் சீஸ். அதோடு பூண்டில் வதக்கிய ப்ரோக்கலி ராப், நம் கடுகுக் கீரையைப் போலக் கசப்பும் காரமும் உள்ள கீரை. கொழுப்பை அந்தக் கசப்பு வெட்டுகிறது, இறைச்சியில் குறையும் உப்பைச் சீஸ் கொடுக்கிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சாண்ட்விச் சப்பென்றாகிவிடும். அதனால் முதல் தடவையிலேயே எதையும் கழிக்கச் சொல்லாதீர்கள்.

சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். சாற்றிலிருந்து இறைச்சியை எடுக்கும்போது ஒரு நொடி தூக்கிப் பிடித்து வடியவிடாமல் அப்படியே ரோலில் போட்டால் அடிப்பகுதி கரைந்துவிடும். கீரையை வேகவைத்துப் பிழியாமல் வைத்தாலும் அதே கதி. பொறுப்பாகச் செய்கிறவர்கள் இடுக்கியால் எடுத்து, ஒரு உதறு உதறி, பிறகே வைப்பார்கள். கவுன்ட்டரில் நின்றாலே இது கண்ணில் படும். வரிசையில் நிற்கும் நேரத்தை வேடிக்கை பார்க்கச் செலவிடுங்கள்.

ரீடிங் டெர்மினல் மார்க்கெட்டில் உள்ள டிநிக்ஸ் இதற்கு எளிதான தொடக்கம். மார்க்கெட் 1893 முதல் இருப்பது, நகர மையத்திலேயே இருப்பதால் ரயிலில் இறங்கி நடந்தே போய்விடலாம். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை வரிசை நீளும். பதினொரு மணிக்குள் போனால் கவுன்ட்டர் ஸ்டூலில் உட்கார்ந்தே சாப்பிடலாம். உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நல்லது, பொட்டலம் கட்டினால் ஆவியில் ரோலின் மேல்தோல் தளர்ந்துவிடும். ஸ்னைடர் அவென்யூவில் 1930 முதல் நடக்கும் ஜான்ஸ் ரோஸ்ட் போர்க் இன்னொரு வகை அனுபவம். ரயில் தண்டவாளம், கிடங்குகள், பெரிய கடைகளின் பார்க்கிங் நடுவே ஒரு சின்னக் கட்டடம், வெளியே பெஞ்சுகள். 2006இல் உணவுத் துறை விருதுகள் தரும் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பின் 'அமெரிக்காஸ் க்ளாசிக்ஸ்' விருது வாங்கிய கடை. பகல் கடை, இரவுச் சாப்பாட்டுக்கு நம்பிப் போகாதீர்கள். ஞாயிறு திறப்பதில்லை. எங்களில் இருவருக்கு டிநிக்ஸின் ரோஸ்ட் பிடிக்கும், இருவருக்கு ஜான்ஸின் மசாலா. ஆனால் ஜான்ஸில் பன்றியோடு சீஸ்ஸ்டேக்கும் ஒன்று வாங்காமல் திரும்புவது தவறு என்பதில் நால்வரும் ஒன்றுதான்.

சீஸ்ஸ்டேக்கின் வேலை எல்லாம் கல்லில். ரிப் ஐ என்ற மாட்டின் விலாப்பகுதி இறைச்சியை லேசாக உறையவைத்து, காகிதம்போலச் சீவுவது வழக்கம். உறையாத இறைச்சி மெல்லியதாகச் சீவ வராது. ஒரு ரோலுக்குச் சாதாரணமாக 170லிருந்து 225 கிராம் வரை போகும், தாராளமான கடைகளில் இன்னும் கூடும். கல் நன்றாகச் சூடேறி இருந்தால் இறைச்சி விழும்போது சத்தம் கேட்கும், ஓரம் பழுப்பாகும். ஆர்டர் வருவதற்கு முன்பே ஒரு குன்று இறைச்சியை வேகவைத்து ஓரத்தில் குவித்திருந்தால், அது தன் ஆவியிலேயே வெந்து சாம்பல் நிறமாகிக் கிடக்கும். கூட்டம் அதிகமான கடைகளில் நடக்கும் தவறு இதுதான். அந்தக் குவியலைப் பார்த்தால் நாங்கள் பானத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

இறைச்சியைக் கரண்டியால் கொத்துவதா, துண்டாகவே விடுவதா என்பது இந்த ஊரின் தீராத வழக்கு. ஒன்பதாம் தெருவும் பேஸ்யங்க் அவென்யூவும் சேரும் முனையில் 1930இல் தொடங்கிய பேட்ஸ், எதிரிலேயே 1966இல் வந்த ஜீனோஸ். ஜீனோஸில் கொத்தாமல் துண்டுதுண்டாக வைப்பார்கள். கொத்தினால் சீஸ் எல்லா இடத்திலும் கலக்கும். துண்டாக விட்டால் இறைச்சியின் கடி தெரியும். முதல்முறை போகிறவர்கள் இரண்டிலும் ஆளுக்கொன்று வாங்கி, நடுவே வெட்டி மாற்றிக்கொண்டால் ஒரே நாளில் விடை கிடைத்துவிடும். சன்னலில் தயங்கி நின்றால் பின்னால் வரிசை முணுமுணுக்கும். எத்தனை, எந்தச் சீஸ், வெங்காயம் உண்டா இல்லையா, இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல்லுங்கள். 'ஒன் விஸ் வித்' என்றால் ஒன்று, சீஸ் விஸ், வெங்காயத்தோடு. வெங்காயம் வேண்டாமென்றால் 'விதவுட்'.

எந்தச் சீஸ்? விஸ் என்பது ஊற்றும் சீஸ், உருகவேண்டிய அவசியமே இல்லாமல் எல்லா இடுக்கிலும் இறங்கும், உப்பு கூடுதல். அமெரிக்கன் சீஸில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும், அதனால் கல்லின் சூட்டில் வழவழப்பாக உருகி இறைச்சியோடு ஒட்டும். எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஷார்ப் ப்ரோவலோன் நாள்பட்டது, சூட்டில் எண்ணெய் பிரிந்து தனித்து நிற்கும். ஆகவே ஸ்டேக்குக்கு மைல்ட் ப்ரோவலோன், பன்றிக்கு ஷார்ப். எதுவானாலும் இறைச்சி கல்லில் இருக்கும்போதே போட்டு மடிக்கச் சொல்லுங்கள். ரோலில் வைத்தபின் மேலே போடும் சீஸ் அடிவரை போவதே இல்லை.

வரிசை நீளமானாலும் நின்று வாங்கத் தகுந்தது ஒன்பதாம் தெரு ஏஞ்சலோஸ் பிட்சேரியா. ரோலை அவர்களே சுடுகிறார்கள், வித்தியாசம் முதல் கடியில் தெரியும். உட்கார இடமில்லை. வாங்கிய கையோடு பொட்டலத்தின் ஒரு முனையைத் திறந்துவிடுங்கள், ஆவி வெளியேறினால்தான் மேல்தோல் தப்பும். நின்று சாப்பிடும்போது கால்களைப் பின்னுக்குத் தள்ளி, இடுப்பிலிருந்து முன்னே குனியுங்கள். எண்ணெய் செருப்பிலும் சட்டையிலும் விழாது.

ஹோகி என்ற குளிர்ந்த சாண்ட்விச்சுக்கு ஒரே ஒரு சோதனை போதும்: முதலில் எது போகிறது? சீஸை ரொட்டியோடு ஒட்டி விரித்து, அதன்மேல் இறைச்சிகள், பிறகு தக்காளி, வெங்காயம், லெட்யூஸ் கீரை, ஓரிகானோ, எண்ணெய் என்று போனால் ரோல் ஊறாது. தக்காளி நேராக ரொட்டியில் பட்டால் வீட்டுக்குப் போவதற்குள் ஈரமாகிவிடும். 1992இல் நகரம் அதிகாரபூர்வ சாண்ட்விச்சாக அறிவித்தது ஹோகியைத்தான், சீஸ்ஸ்டேக்கை அல்ல. பலருக்கு இது ஆச்சரியம்.

மாடும் பன்றியும் சாப்பிடாதவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். சிக்கன் சீஸ்ஸ்டேக் பல கடைகளில் உண்டு. சைவம் என்றால் ப்ரோக்கலி ராப், ஷார்ப் ப்ரோவலோன், சுட்ட குடைமிளகாய் வைத்துக் கேளுங்கள், உண்மையிலேயே நிறைவான சாண்ட்விச். ஆனால் கல், இடுக்கி, கத்தி எல்லாம் பொதுவானவை. கீரையை இறைச்சிச் சாற்றில் நனைக்கிறார்களா என்றும், கண்டிப்பானவர்கள் சீஸில் விலங்கு ரென்னெட் (பாலை உறையவைக்கச் சேர்ப்பது) இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். காரம் போதவில்லையா? 'லாங் ஹாட்ஸ்' என்று கேளுங்கள். வதக்கிய நீளப் பச்சை மிளகாய் வரும். ஒன்று சாதுவாக இருக்கும், அடுத்தது கண்ணில் நீர் வரவழைக்கும். முதலில் நுனியைக் கடித்துப் பாருங்கள்.

இனி பார். இங்கே 'லாகர்' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் யிங்லிங் பீர் வரும், 1829 முதல் இதே மாநிலத்தின் பாட்ஸ்வில் ஊரில் இயங்கும் மதுவாலையுடையது. ரோஸ்ட் போர்க்கின் கொழுப்புக்கு அதன் லேசான கேரமல் இனிப்பு நன்றாகப் பொருந்தும். சவுத் ஸ்ட்ரீட்டில் உள்ள பாப் அண்ட் பார்பராஸ், ஒரு கேன் பாப்ஸ்ட் ப்ளூ ரிப்பனும் ஒரு ஷாட் ஜிம் பீம் விஸ்கியும் சேர்ந்த 'சிட்டிவைட்' என்ற கூட்டுக்குப் பேர்போன இடம். இன்று ஊர் முழுக்க பார்கள் தங்கள் வகையில் 'சிட்டிவைட்' தருகின்றன. எந்த பீர், எந்த விஸ்கி என்று கேட்டபின் சொல்லுங்கள், இடத்துக்கு இடம் மாறும். பதின்மூன்றாம் தெருவும் பைனும் சேரும் முனையில் டர்ட்டி ஃப்ராங்க்ஸ், வெளிச்சுவரில் ஃப்ராங்க் என்ற பெயரோடு தொடர்புள்ளவர்களின் ஓவியம். ட்ரூரி தெருவின் மெக்கில்லின்ஸ் 1860இல் தொடங்கியது, மூடிப்போன உள்ளூர்க் கடைகளின் பெயர்ப்பலகைகள் சுவரெங்கும். பேசிக்கொண்டே குடிக்க முதல் இரண்டும் எங்கள் தேர்வு. கும்பலாக வந்தால் மெக்கில்லின்ஸ், ஆனால் வெள்ளி இரவு வேண்டாம்.

குழாய் பீர் சரியில்லை என்று கண்டுபிடிப்பது எளிது. கோப்பையின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால் கோப்பை சுத்தமில்லை. வெண்ணெய் வாடையோ புளிப்போ அடித்தால் பெரும்பாலும் குழாயைக் கழுவி நாளாகியிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்பது தொழிலின் பொதுவிதி. சந்தேகமாக இருந்தால் கேன் வாங்குங்கள்.

பணக் கணக்கு: உணவுக்கு 8 சதவீத வரி, பாரில் மதுவுக்கு 10 சதவீதம். பாரில் ஒரு பானத்துக்கு ஒரு டாலராவது டிப் வைப்பது வழக்கம். பென்சில்வேனியாவில் டிப் வாங்கும் ஊழியரின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.83 டாலர்தான் என்பதால் இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பழைய கடைகளுக்கு ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள். வயதுச் சான்றுக்கு இந்திய ஓட்டுநர் உரிமத்தை நம்ப வேண்டாம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 21 வயது கட்டாயம், நரைத்த தலைக்கும் கேட்பார்கள். பார்களில் மது இரவு 2 மணிவரை. விஸ்கி பாட்டில் வாங்க வேண்டுமென்றால் நம் டாஸ்மாக் போலவே மாநில அரசின் கடைக்குத்தான் போக வேண்டும். பீரை பாரிலிருந்தே எடுத்துப்போகலாம், ஒரு முறைக்கு 192 அவுன்ஸ் வரை, அதாவது 12 அவுன்ஸ் கேன் பதினாறு. வெளியில் வாங்கிய சாண்ட்விச்சை பாருக்குள் பிரிப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள், சில இடங்களில் சிரித்தபடி நாப்கின் தருவார்கள், சில இடங்களில் வேண்டாம் என்பார்கள்.