கல்லடியில் ஒரு நாள் சிறுவர் பாதுகாப்புச் செயலமர்வு: 2017 சான்றிதழோடு போன ஒரு ரீச்சரின் அனுபவம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மட்டக்களப்பு கல்லடியில் நடந்த சிறுவர் பாதுகாப்புப் புத்தூக்கச் செயலமர்வுக்குப் போய் வந்தேன். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை நாலரை வரை, மதியச் சாப்பாடும் கையேடும் சேர்த்து 2,500 ரூபா. போனால் பிரயோசனமா என்று எங்கள் பக்கத்து ரீச்சர்மார் ஏழெட்டுப் பேர் போன் எடுத்துக் கேட்டுவிட்டார்கள், அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். போங்கள். குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன், ஆனாலும் போங்கள்.

நான் ஆரையம்பதிப் பக்கம் ஒரு சின்னப் பாலர் பாடசாலை நடத்துகிறேன். இருபத்தெட்டுப் பிள்ளைகள், என்னோடு இரண்டு உதவி ஆசிரியைகள். சிறுவர் பாதுகாப்பு என்று நான் முதலில் பயிற்சி எடுத்தது 2017இல். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு அலுவலக அறையில் மாட்டி வைத்திருக்கிறேன், பெற்றோர் கேட்டால் அதைத்தான் காட்டுவேன். அதற்குப் பிறகு எட்டு வருடத்துக்கும் மேலாகப் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை. அந்த நேரம் எங்கள் பெற்றோரில் பாதிப் பேரிடம்கூட வட்ஸ்அப் இருக்கவில்லை. இன்றைக்கு மூன்று வயதுப் பிள்ளை தாயின் போனைத் தானே திறக்கிறது, நாங்கள் விளையாட்டுப் போட்டிப் படங்களை முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறோம். இவ்வளவு மாறியிருக்க, 2017இல் படித்தது போதும் என்று நான் இருந்தது சரியில்லை.

மண்டபத்தில் முப்பத்தைந்து பேர் அளவில் இருந்தோம். பாலர் பாடசாலை ரீச்சர்மார்தான் அதிகம், அவர்களோடு காத்தான்குடியிலிருந்து மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் மௌலவி ஒருவர், ஞாயிறு மறைப் பாடசாலைக்குப் பொறுப்பான ஒரு அக்கா, களுவாஞ்சிகுடியில் ரியூசன் நடத்தும் ஒரு தம்பி, கராத்தே மாஸ்டர் ஒருவர். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பிள்ளைகள் ஒரு நாளில் எத்தனை பேரின் கைகளுக்குள் போய் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள், அவ்வளவு பேரும் ஒரே அறையில் இருந்து ஒரே விஷயத்தைப் பேசுவது எங்கள் ஊரில் அடிக்கடி நடப்பதில்லை.

முதல் ஒரு மணித்தியாலம் சட்டம். அதில் பெரும்பகுதி எனக்குத் தெரிந்தது: ஐ.நா.வின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது, 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது, பிள்ளைக்குத் தீங்கு என்றால் அந்தச் சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தெரியாமல் போன இடம் அடித்தல் பற்றியது. பாடசாலைகளில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு சுற்றுநிருபம் இருப்பது தெரியும். ஆனால் ஆசிரியர் கன்னத்தில் அறைந்து ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையை, அதாவது சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் ஆளாகாமல் இருக்கும் உரிமையை, மீறிய செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது எனக்குத் தெரியாது. ‘ஒரு தட்டுத் தட்டினால்தானே அடங்குவான்’ என்று பின்னால் இருந்து யாரோ முணுமுணுத்தார்கள். செயலமர்வை நடத்திய வளவாளர் கோபப்படவில்லை, ‘நீங்கள் தட்டினதை அந்தப் பிள்ளை எந்த வயது வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கும் எண்டு நினைக்கிறீங்கள்?’ என்று மட்டும் கேட்டார். மண்டபம் கொஞ்ச நேரம் அமைதியாகவே இருந்தது, எல்லோருக்கும் தங்கள் பழைய பள்ளிக்கூடம் ஞாபகம் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தச் செயலமர்வின் உயிர்.

ஒரு பிள்ளை வந்து உங்களிடம் ஏதோ சொல்கிறது, உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வசனம் என்ன? வளவாளர் பிள்ளையாக நடித்தார், நாங்கள் ஒவ்வொருவராகப் போய் முன்னால் இருக்க வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டோம்: ‘யார்?’ பிறகு ‘எப்ப?’, பிறகு ‘ஏன் நேற்றே சொல்லயில்ல?’ நானும் அப்படித்தான் கேட்டேன். எங்கள் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டே போனார். கராத்தே மாஸ்டர் மட்டும் தரையில் சப்பாணி கட்டி இருந்து, ‘சொல்லு மனே, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். அவ்வளவுதான் வேண்டும் என்றார் வளவாளர். பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும், நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும், உன்னில் பிழை இல்லை என்று சொல்ல வேண்டும். ‘ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் பண்ணக் கூடாது, ஏனென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்ன பிறகு அந்தப் பிள்ளை இன்னொரு பெரிய ஆளை நம்பாது. பிள்ளை பயன்படுத்திய சொல்லையே, அது மழலையாக இருந்தாலும் மாற்றாமல், திகதியும் நேரமும் போட்டு அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்.

ஏன் துருவிக் கேட்கக் கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம் என்னை உலுக்கிவிட்டது. சாட்சியம் பற்றிய 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பயிற்சி பெற்றவர்கள் பிள்ளையிடம் எடுக்கும் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க இடமிருக்கிறது. பிள்ளை திரும்பத் திரும்ப அதே கதையைச் சொல்லி நோகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதற்கு முன்பே நாங்கள் ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டு, எங்கள் சொற்களைப் பிள்ளையின் வாய்க்குள் வைத்துவிட்டால், பிறகு பிள்ளை சொல்வது பிள்ளையின் சொல்லா எங்கள் சொல்லா என்று யாருக்கும் பிரிக்க முடியாது.

2019இல் எங்கள் பாலர் பாடசாலையில் ஒரு சின்னப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாள். நான் கேட்டேன், உதவி ஆசிரியை கேட்டாள், தாயைக் கூப்பிட்டு அவரும் கேட்டார், பின்னேரத்துக்குள் மாமியும் அம்மம்மாவும் கேட்டுவிட்டார்கள். அடுத்த நாள் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவேயில்லை. நல்லதைத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நான் அதைச் செய்தேன். கல்லடியிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பிள்ளையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

இன்னொரு விளக்கமும் நன்றாக இருந்தது. தமிழில் எல்லாவற்றுக்கும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம், ஆனால் இதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்த பிறகு, அல்லது நடக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பிள்ளைக்காகச் செய்வது ஒன்று. எங்கள் இடத்தில், எங்கள் ஆட்களால், எங்கள் கவனக்குறைவால் எந்தப் பிள்ளைக்கும் தீங்கு வராதபடி முன்கூட்டியே ஒழுங்கு பண்ணுவது மற்றது. 2017இல் நான் முதலாவதை மட்டும்தான் படித்தேன். இரண்டாவது முழுக்க முழுக்க அன்றாட விஷயம்: பிள்ளையை ஏற்றிப்போக யார் யார் வரலாம் என்று பெற்றோர் எழுதித் தந்த பட்டியல் இருக்கிறதா, வழமையான ஓட்டோக்காரர் வராமல் அவருடைய தம்பி வந்தால் என்ன செய்வீர்கள், மலசலகூடத்துக்குக் கூட்டிப்போவது யார், புதிதாக ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது முன்பு வேலை செய்த இடத்தில் விசாரித்தீர்களா. இந்தக் கேள்விகளில் பாதிக்கு எங்களிடம் எழுத்தில் பதில் இல்லை.

சரி, குறைகள்.

இணையம் பற்றிய பகுதியைக் கடைசி நாற்பது நிமிடத்துக்குள் அடக்கிவிட்டார்கள், தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் பஸ்ஸை யோசிக்கத் தொடங்கிய நேரம் அது. புதிதாக மாறியிருப்பதே அந்தப் பகுதிதான்! டிஜிட்டல் உலகில் சிறுவர் உரிமைகள் பற்றி ஐ.நா. சிறுவர் உரிமைகள் குழு 2021இல் ஒரு பொதுக் கருத்துரையே வெளியிட்டிருக்கிறது, அதற்கு இரண்டு வசனம்தான் கிடைத்தது. சாதாரண பிறந்தநாள் படத்தை எடுத்துச் செயற்கை நுண்ணறிவால் கேவலமான படமாக மாற்ற முடியும் என்று சொன்னபோது பலருக்கு முகம் வெளிறிவிட்டது, அதைப் பேச இன்னும் ஒரு மணித்தியாலம் தேவைப்பட்டது. அப்புறம் கையேடு. வளவாளர் வாயால் சரியாகச் சொல்கிறார், கையேட்டிலோ ‘சிறுவர் ஆபாசப் படம்’ என்ற பழைய சொல்தான் இன்னும் கிடக்கிறது. அதைத் துஷ்பிரயோகப் பதிவு என்றுதான் சொல்ல வேண்டும் என்று 2016இலேயே சர்வதேச அளவில் வழிகாட்டி வந்துவிட்டது. பின் அட்டையில் போட்டிருந்த தொலைபேசி இலக்கங்களில் ஒன்றுக்கு நான் திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தேன், அது பாவனையில் இல்லை. அவசரத்தில் ஒரு தாய் அந்த இலக்கத்துக்கு எடுத்தால் என்ன ஆகும்? ஏற்பாட்டாளர்களுக்குச் சொல்லிவிட்டேன், திருத்துவதாகச் சொன்னார்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பற்றி ஒரு சொல் இல்லை. பேச முடியாத பிள்ளை எப்படிச் சொல்லும் என்று நான் கேட்டேன், நல்ல கேள்வி என்றார்கள், பதில் வரவில்லை. அதே மாதிரி, நிறுவனத்தின் தலைவர் மீதே முறைப்பாடு வந்தால் என்ன செய்வது என்று அந்த ரியூசன் தம்பி கேட்டதும் மேலோட்டமாகப் போய்விட்டது. தெரியாதவர்களுக்காக நான் இங்கே சொல்கிறேன்: 1929க்கு எடுக்க அதிபரின் அனுமதியோ நிர்வாகக் குழுவின் தீர்மானமோ தேவையில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிஸில் சிறுவர் மகளிர் பிரிவு இருக்கிறது, நேரே போகலாம்.

சான்றிதழில் காலாவதித் திகதி போடச் சொல்லிக் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலுதவிச் சான்றிதழுக்குக் காலம் இருக்கிறது, இதற்கு ஏன் இல்லை? இரண்டு வருடம் போட்டால் எங்களைப் போன்றவர்கள் திரும்பி வருவோம்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்றால், முதல் வாரம் ஏற்றிப்போகும் ஆட்களின் பட்டியலை எழுதி வாங்கினேன். முகநூல் பக்கத்தில் பிள்ளைகளின் முகம் தெரியும் பழைய படங்களை எடுத்துவிட்டேன், ஒரு பின்னேரம் முழுவதும் போனது, 2018 வரைக்கும் பின்னால் போக வேண்டியிருந்தது. ஒரு தகப்பன் ‘என்ர மகன்ர படத்த ஏன் எடுத்தீங்க ரீச்சர்?’ என்று வருத்தப்பட்டார், காரணத்தைச் சொன்னதும் தன் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டார். பிள்ளைகள் ஏதும் சொன்னால் அன்றைக்கே எழுதி வைக்கப் பதிவேடு ஒன்று வாங்கிப் பூட்டுள்ள அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

உதவி ஆசிரியைகள் இரண்டு பேருக்கும் அடுத்த செயலமர்வுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. ஒருவருக்குரிய காசைப் பெற்றோர் குழு தருகிறது, மற்றவருக்கு நான் கட்டுகிறேன். வாசலில் ஓட்டோ ஓடும் அண்ணன் ஒருவர், தானும் வரலாமா என்று கேட்டார். ஏற்பாட்டாளர்களிடம் கேட்டேன், வரச் சொல்லிவிட்டார்கள்.