லிமிடெட் எடிஷன் கார் 'ஸ்லாட்': 20,000 யூரோவுக்குப் பட்டை நாமம்

20,000 யூரோ. ஓர் ஆன்லைன் தரகுக் கம்பெனி என்னிடம் வாங்கும்போது அதற்குப் பெயர் 'அட்வான்ஸ்'. இன்று காலை வந்த மெயிலில் அதே பணம் 'ஆலோசனைக் கட்டணம்' ஆகிவிட்டது, திரும்பத் தர மாட்டார்களாம். கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிமிடெட் எடிஷன் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பணம் இருந்தாலும் ஷோரூமில் போய் வாங்கிவிட முடியாது. பெரும்பாலும் அறிவிப்பு வருவதற்கு முன்பே பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கி முடித்திருப்பார்கள். அப்படி ஒதுக்கிய ஓர் இடத்துக்குப் பெயர்தான் 'ஸ்லாட்'. மிச்சம் இருக்கிற ஆசைக்காரர்களுக்கு வலை விரிப்பதுதான் இந்த மாதிரி ஆன்லைன் தரகுக் கம்பெனிகளின் தொழில். "ஒருத்தர் தன் ஸ்லாட்டை விட்டுக்கொடுக்கிறார் சார், உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்." (கம்பெனி பெயரைப் போடவில்லை. வக்கீல் வேண்டாம் என்கிறார்.)

நம்ப வைத்தது ஒரு பெட்டி. கூரியரில் வந்தது. உள்ளே சீட்டுக்கான தோல் துண்டுகள், பெயின்ட் அடித்த சின்னத் தகடு, தையல் நூல் மாதிரிகள். தோலில் புதுக்கார் வாசனை கூட இருந்தது. ஃபோனில் பணத்தைப் பற்றி அந்தக் கம்பெனி ஆள் பேச்சே எடுக்கவில்லை, "எந்த நூல் போடச் சொல்லட்டும் சார்?" என்றுதான் கேட்டான். சிவப்பு என்றேன். மறுநாள் வந்த ஆர்டர் பேப்பரில் 'தையல்: சிவப்பு' என்று அச்சாகியிருந்தது. அன்று மாலையே 20,000 யூரோ அவர்கள் கணக்குக்குப் போய்விட்டது.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "ஆகஸ்டில் இத்தாலியில் ஃபேக்டரி லீவு சார்." அது உண்மைதான், அங்கே அப்படித்தான், அதனால் சும்மா இருந்தேன். பிறகு என்னோடு பேசியவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். சேல்ஸில் கேட்டால் அக்கவுன்ட்ஸைக் கேள், அக்கவுன்ட்ஸில் கேட்டால் சேல்ஸைக் கேள். சேசிஸ் நம்பர் கேட்டால் "ரகசியம்". கடைசியில் கார் கம்பெனியின் அதிகாரபூர்வ டீலரையே கேட்டேன். அந்த மாடலில் ஸ்லாட்டைப் பெயர் மாற்றவே விடுவதில்லையாம். விற்க முடியாத ஒன்றை விற்றிருக்கிறார்கள்! கார் கம்பெனிகள் இதில் எவ்வளவு கறார் தெரியுமா? 2017-இல் வந்த ஃபோர்டு ஜிடியை வாங்கியவர்களிடம் இரண்டு வருடம் விற்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். விற்ற மல்யுத்த வீரர் ஜான் சீனா மேல் வழக்கே போட்டார்கள்.

சரி, கார் கிடைத்திருந்தால்தான் அந்த விலை தகுமா? "கைக்கு வந்த அன்றே இரட்டிப்பு விலை போகும்" என்றான். 2016-இல் போர்ஷே 911 ஆர் வந்தது, மொத்தம் 991 வண்டிகள். அமெரிக்காவில் 1,84,900 டாலர் விலையில் தொடங்கியதைச் சிலர் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை சொன்னார்கள். ஆர் மேனுவல் கியரில் மட்டுமே வந்த வண்டி. அடுத்த வருடமே அதே மேனுவல் கியரோடு போர்ஷேயின் 911 ஜிடி3 வந்தது, ஆர் விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவன் கதி? ஜாகுவார் எக்ஸ்ஜே220 இன்னும் மோசம். வி12 (12 சிலிண்டர்) எஞ்சின் என்று காட்டி 50,000 பவுண்டு முன்பணம் வாங்கினார்கள், வந்தது வி6 (6 சிலிண்டர்) டர்போ. பொருளாதாரமும் படுத்துவிட, வாங்க மாட்டோம் என்று பலர் கோர்ட்டுக்கே போனார்கள். ஷோரூம் விலைக்கு நேராகக் கிடைத்தால் யோசிக்கலாம். அதற்கு மேல் கேட்கிற பணமெல்லாம் வரிசையில் முந்துவதற்கான பணம், காருக்கானது இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு இல்லை. கார் கம்பெனியே எழுத்தில் உறுதி செய்யாத ஸ்லாட்டுக்கு ஒரு பைசா தராதீர்கள். தயாராகிவிட்ட வண்டி என்றால் சேசிஸ் நம்பரை வாங்கி டீலரிடம் சரிபாருங்கள். ரசீதில் 'திரும்பத் தரப்படும்' என்று இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் என்று இருக்கிறதா பாருங்கள். என் பேப்பரில் அது கடைசிப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில், வேறு மாதிரி இருக்கிறது.

20,000 யூரோ! இதே மாதிரிப் பெட்டி வந்து பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.