‘தொடக்கச் சேகரிப்பு’ என்று விற்கப்படும் பழைய பீங்கான் தொகுப்புகள்: பணம் கட்டுமுன் படியுங்கள்

1950, 60களின் பீங்கான் பொருள்களைச் சேர்க்க ஆசைப்பட்டு இணையத்தில் தேடத் தொடங்கினால், ‘தொடக்கச் சேகரிப்பு’ என்ற பெயரில் இரண்டு மூன்று பொருள்களை ஒன்றாகக் கட்டி விற்பவர்கள் கண்ணில் படுவார்கள். அப்படியொரு தொகுப்பில் நான் ஏமாற்றப்பட்டேன். விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை, அவர் கடைப்பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார். அவர் செய்த வேலையின் விதம் தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன்.

தொகுப்பில் மூன்று பொருள்கள். மேற்கு ஜெர்மனியின் ஷோய்ரிஷ் நிறுவனத்துப் பூச்சாடி, சிவப்பும் கருப்புமாக எரிமலைக் குழம்பு வழிந்ததுபோன்ற கிளேஸ் (சூளையில் சுட்டுக் கண்ணாடிபோல் உறையும் மேற்பூச்சு) கொண்டது. இத்தாலியின் பிட்டோசி நிறுவனத்துடையது என்று சொல்லப்பட்ட நீலக் கிண்ணம். ஸ்வீடனின் குஸ்தாவ்ஸ்பெரி தொழிற்சாலைக்காக ஸ்டிக் லிண்ட்பெரி வடிவமைத்த, பச்சை இலைகள் போட்ட ‘பெர்சோ’ தட்டு. விளம்பரத்தில் “சில்லு இல்லை, விரிசல் இல்லை, பழுது பார்க்கப்படவில்லை, அனைத்தும் அசல்” என்று தெளிவாக எழுதியிருந்தார். கூடவே அச்சடித்த சான்றிதழ் வேறு.

பூச்சாடியிலிருந்து தொடங்குகிறேன், மோசடி முழுமையாக வெளிப்பட்டது அதில்தான்.

ஷோய்ரிஷ் சாடிகளின் அடியில் பெரும்பாலும் இரண்டு எண்கள் பதிந்திருக்கும். 517-30 என்று இருந்தால் 517 என்பது அச்சின் எண், 30 என்பது சென்டிமீட்டரில் உயரம். ஒரு சென்டிமீட்டர் முன்பின் இருப்பது சகஜம். என் சாடி, அடியில் எழுதியிருந்த உயரத்தைவிட இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் குறைவாக இருந்தது. வாய் விளிம்பில் பெரிய உடைப்பு இருந்திருக்கிறது. அதை ஒட்டாமல், விளிம்பு முழுவதையும் தேய்த்து மட்டமாக்கி, எப்பாக்ஸி என்ற பிசினைப் பூசி, மேலே சிவப்பு வண்ணம் தெளித்திருக்கிறார்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவியபோது விளிம்பின் ஓரத்தில் வண்ணம் மெல்லிய தோலாக உரிந்து வந்தது. சூளையில் வெந்த கிளேஸ் கண்ணாடி மாதிரியானது, எந்த வெந்நீருக்கும் உரியாது.

இந்த வகைச் சாடியை மோசடிக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கிளேஸில் சிலிக்கான் கார்பைடு போன்ற பொருளைக் கலந்து சுடுவார்கள். சூட்டில் வாயு வெளியேறிக் குமிழிகள் வெடித்து, பள்ளம் பள்ளமாக உறைந்துவிடும். அந்தக் கரடுமுரடில் ஒட்டுவேலையை ஒளித்துவைப்பது எளிது. ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும்: உண்மையான பள்ளத்தின் ஓரம் கூராக, பளபளவென்று இருக்கும், வண்ணம் பூசிய பள்ளத்தின் ஓரம் மழுங்கி, பிளாஸ்டிக் போல மந்தமாக இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், பீங்கான் சில்லென்றிருக்கும், எப்பாக்ஸி அப்படி இராது.

புற ஊதா விளக்கும் உதவும், ஆனால் 365 நானோமீட்டர் விளக்காக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் விளக்கு ஊதா வெளிச்சத்தைக் கொட்டி எல்லாவற்றையும் மறைத்துவிடும். இருட்டறையில் என் சாடியின் விளிம்பு மட்டும் வெளிறிய வளையமாகத் தனித்துத் தெரிந்தது. எதுவும் தெரியவில்லை என்பதால் பொருள் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள், விளக்கில் ஒளிராத பூச்சுகளும் உண்டு. விரல் முட்டியால் தட்டிக் கேட்கும் முறையையும் அளவோடுதான் நம்ப வேண்டும். விரிசல் விட்ட பொருள் மந்தமாக ஒலிக்கும் என்பது சரிதான், ஆனால் குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டம் முழுசாக இருந்தாலும் மந்தமாகவே ஒலிக்கும்.

அடுத்து நீலக் கிண்ணம். ‘ரிமினி புளூ’ என்று புகழ்பெற்ற வரிசையை பிட்டோசிக்காக வடிவமைப்பாளர் ஆல்டோ லோந்தி 1950களில் உருவாக்கினார். ஈர மண்ணில் முத்திரைகளை அழுத்தி, நீலமும் பச்சையும் கலந்த கிளேஸ் பூசுவார்கள். பழைய பொருள்கள் பலவற்றின் அடியில் கையால் எழுதிய எண்ணும் ‘இத்தாலி’ என்ற சொல்லும் மட்டுமே இருக்கும். இதைத்தான் விற்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அதேபோல நீலத்தில் வேறு பட்டறைகளும் செய்தன, அவற்றின் அடியிலும் ‘இத்தாலி’ இருக்கும். தவிர, ரிமினி புளூ வரிசை பிற்காலத்திலும் தயாரானது. எனக்கு வந்த கிண்ணத்தின் முத்திரைகள் ஆழமே இல்லாமல், அச்சில் வார்த்ததுபோல் ஒரே சீராக இருந்தன. எதை வைத்து பிட்டோசி என்கிறீர்கள் என்று கேட்டேன். “நிறத்தைப் பார்த்தாலே தெரியுமே” என்று பதில் வந்தது.

பெர்சோ தட்டு உண்மையிலேயே பெர்சோதான். பொய் அதன் வயதில் இருந்தது. இந்த வடிவம் 1960களிலும் 70களின் முற்பகுதியிலும் தயாராகி, நின்று, 2000க்குப் பிறகு மீண்டும் தயாரிப்புக்கு வந்தது. எனக்கு வந்தது புதிய தட்டு. புதிதாக வாங்கினால் நல்ல பொருள், மகிழ்ச்சியாகப் பயன்படுத்தலாம். அதை ‘1960களின் அரிய தட்டு’ என்று விற்பது திருட்டு.

வயதைப் பற்றி இன்னொன்று. ‘டபிள்யூ. ஜெர்மனி’ என்ற முத்திரையைக் காட்டி 1950களின் பொருள் என்பார்கள். மேற்கு ஜெர்மனி என்ற நாடு 1949 முதல் 1990 வரை இருந்தது, ஆகவே அந்த முத்திரை மட்டும் பத்தாண்டைச் சொல்லாது. எரிமலைக் கிளேஸ் சாடிகளில் பெரும்பங்கு 1960களின் பிற்பகுதியும் 70களும்தான்.

சான்றிதழில் கையெழுத்து இருந்தது. போட்டவர் யார், எதைச் சோதித்தார் என்று ஒரு வரிகூட இல்லை. அதைவிட எனக்குக் கோபம் வந்தது, கிண்ணத்தையும் தட்டையும் “சாப்பாட்டுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்” என்று அவர் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான். அக்காலக் கிளேஸ்களில் ஈயமும், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு. புளிப்பான உணவு அவற்றைக் கரைத்தெடுக்கும். அமெரிக்காவின் ஃபியஸ்டா பாத்திரங்களின் பழைய சிவப்புக் கிளேஸில் யுரேனியம்கூடக் கலந்திருந்தது. சோதிக்காத அலங்காரப் பீங்கானில் குழந்தைக்குச் சோறு போடலாம் என்று ஒருவர் எழுதுவதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

புகார் செய்தபோது அவருடைய பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. முதலில் பழைய பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு கூரியரில் உடைந்திருக்கும் என்றார். கூரியரில் உடைந்த விளிம்பு தானே வண்ணம் பூசிக்கொள்ளுமா? அதற்குப் பிறகு, நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் கொஞ்சம் பணம் தருவதாகப் பேரம் பேசினார். இதற்கிடையில் விளம்பரத்தில் “பழுது பார்க்கப்படவில்லை” என்ற சொற்கள் காணாமல் போயிருந்தன. வாங்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். பணம் செலுத்த நான் பயன்படுத்திய சேவையிடம் அந்தப் படத்தையும், புற ஊதா விளக்கில் எடுத்த படத்தையும், அளவுநாடா வைத்து எடுத்த படத்தையும் கொடுத்தேன். சாடிக்கான தொகை திரும்பி வந்தது. கிண்ணத்துக்கும் தட்டுக்கும் வரவில்லை: தயாரிப்பாளர் யார், எந்த ஆண்டு என்பதெல்லாம் ‘விற்பவரின் கருத்து’ என்று தள்ளிவிட்டார்கள்.

அதனால் பணம் கட்டுமுன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: ஒட்டுவேலை, மேல்வண்ணம், தேய்த்த விளிம்பு ஏதாவது உண்டா? தயாரிப்பாளர் பெயருக்கு என்ன ஆதாரம்? அடிப்பாகம், வாயின் உட்புறம், விளிம்பு மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் கட்டாயம் வேண்டும். நேர்மையான வியாபாரிகள் இதற்கெல்லாம் சலித்துக்கொள்வதில்லை, சிலர் நான் கேட்காத குறையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

திருப்பி அனுப்பிய அந்தச் சிவப்புச் சாடி இப்போது வேறொரு கடைப்பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. “சேதமில்லை” என்றே எழுதியிருக்கிறார்கள். எல்லாப் படங்களும் கீழிருந்து எடுத்தவை, ஒன்றில்கூட வாய் விளிம்பு தெரியாது. அப்படிப்பட்ட படங்களோடு ஒரு சாடியைப் பார்த்தால், முதலில் உயரத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.